வன்னியின் ஆறு உறுப்பினர்களுக்கு: பெயர் மட்டும் மாறும் ஒரு மனு பற்றி

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்கள் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேருக்கும்,

வணக்கம். நான் மாங்குளம் சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன். ஏ-9 வீதியில் இருந்து முல்லைத்தீவுக்குத் திரும்புகிற இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற சனம் வெயிலுக்கு ஒதுங்குகிற கடை. தேர்தல் நேரம் எல்லாக் கட்சிக்காரரும் உள்ளே வந்து கை தந்துவிட்டுப் போவார்கள். இந்த மடலைக் கிளிநொச்சியில் இருக்கிற என் மச்சானும் வாசித்தார். "நானும் வன்னியான்தானே, என்ரை பேரையும் போடு" என்றார். அவருடைய வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனாதிபதியாக இருந்தவரைத் திறந்த மண்டபத்தில் இருத்திக் கேள்வி கேட்க ஒரு வழி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல். என் கொம்பியூட்டரில் 'மனு' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. கடை திறந்த 2011 ஆம் ஆண்டில் ஓர் அம்மாவுக்காகத் தட்டியது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் கடைசியாகக் கண்ட மகனைப் பற்றி ஒன்றரைப் பக்கம். போட்டிருந்த உடுப்பு, உயரம், இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு எல்லாம் அதில் இருக்கின்றன. 'மேன்மைதங்கிய ஜனாதிபதி' என்று தொடங்கும். முதலில் மகிந்த ராஜபக்ஷ என்று தட்டினேன். 2015 இல் அதை அழித்து மைத்திரிபால சிறிசேன. 2019 இல் கோத்தாபய ராஜபக்ஷ. 2022 இல் ரணில் விக்கிரமசிங்க. 2024 இல் அநுர குமார திசாநாயக்க. பெயர், திகதி, அம்மாவின் வயது. இவை தவிர ஓர் எழுத்து மாறவில்லை.

2022 ஜூலை 13 ஆம் திகதி அந்த அம்மா கடைக்கு வந்தார். விடியப்புறம் கோத்தாபய விமானப்படையின் விமானத்தில் மாலைதீவுக்குப் போய்விட்டார் என்ற செய்தி எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன்னர் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் பெடியள் குதித்த வீடியோவைச் சந்தியில் நின்றவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சிரிப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பெற்றோல் வரிசையிலேயே படுத்து எழும்பிய ஓட்டோக்காரர் ஒருவர் எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கித் தந்தார். அம்மா பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "தம்பி, அந்தாள் போட்டுதாம். அப்ப நான் குடுத்த பேப்பருக்கு இனி ஆர் மறுமொழி சொல்லுறது?"

அடுத்த நாள் சிங்கப்பூரில் இருந்து இராஜினாமாக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. ஒரு கிழமைக்குள் நான் மனுவில் பெயரை மாற்றினேன்.

அந்த நாட்களில் தெற்கில் பலர் 'வன்னி ஏன் பேசாமல் இருக்கிறது' என்று கேட்டார்கள். கொழும்பில் போராட்டம் நடந்த காலிமுகத்திடலில் அந்த ஆண்டு மே 18 அன்று, போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிர்ந்ததை நாங்களும் கண்டோம். மனம் கொஞ்சம் இளகியது உண்மை. ஆனால் அங்கே எழுந்த கோஷம் 'வீட்டுக்குப் போ' என்பது. போகச் சொன்னார்கள், போனார். அவர் எங்கே போகிறார் என்பதில் எங்களுக்குப் பெரிய அக்கறை இருக்கவில்லை. போவதற்கு முன் ஒரு கதிரையில் இருத்திக் கேள்வி கேட்டிருக்கவேண்டும். 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரிடம் கேட்க இந்தப் பக்கத்தில் எத்தனை கேள்வி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 இல் ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, யார் சொன்ன ஆலோசனை அது? காலபோக நெல் விதைத்தவர்கள் அதையாவது கேட்டிருப்பார்கள்.

அப்படிக் கேட்கிற நாடும் இருக்கிறது. என் அக்காவின் மகன் கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணி, தென்கொரியாவின் அன்சான் நகரத்தில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். 2024 டிசெம்பர் 3 இரவு அந்த நாட்டு ஜனாதிபதி யூன் சுக் யோல் இராணுவச் சட்டம் அறிவித்தார் என்றதும் அக்கா இங்கே அழத் தொடங்கிவிட்டார். அந்தச் சொல் எங்கள் காதில் விழுகிற விதம் வேறு. அங்கே விடிவதற்குள் எம்.பி.மார் வேலி ஏறிக் குதித்துச் சபைக்குள் போய், 190 பேர் வாக்களித்து அதை நீக்கச் சொன்னார்கள். டிசெம்பர் 14 இல், 300 பேர் கொண்ட சபையில் 204 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கக் கோரும் குற்றப்பிரேரணை நிறைவேறியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மருமகன் கிழமைக்குக் கிழமை சொன்னான். அரசியலமைப்பு நீதிமன்றத்தில் ஜனவரி நடுப்பகுதியில் இருந்து பெப்ரவரி 25 வரை 11 அமர்வுகள். ஜனாதிபதி தானே வந்து இருந்தார். இராணுவத் தளபதி ஒருவர், சபைக்குள் இருந்த உறுப்பினர்களை இழுத்து வெளியே போடச் சொல்லி உத்தரவு வந்தது என்று ஜனாதிபதியின் முன்னாலேயே சாட்சி சொன்னார். இல்லை என்று யூனும் வாதாடினார். ஊர் இரண்டு பட்டது. மருமகனின் முதலாளி யூன் பக்கம். அதே தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகிற ஒளிக்குச்சிகளோடு எதிர்ப்புக் கூட்டங்களுக்குப் போனார்கள். ஜனவரி 19 இல் யூனின் ஆதரவாளர்கள் சியோலில் ஒரு நீதிமன்றத்தையே உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். ஆகவே அது தேவலோகம் என்று நான் சொல்லவரவில்லை.

2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. இங்கே காலை ஏழரை, அங்கே பதினொரு மணி. கடையில் பேப்பர் முழுக்க மோடி வருகிறார் என்ற செய்தி. மருமகன் வீடியோ கோலில் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையின் ரிவியைக் காட்டினான். சில பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினார்களாம். நீதிபதி காரணங்களை ஒவ்வொன்றாக இருபது நிமிடத்துக்கு மேல் வாசித்தார். எட்டு நீதிபதிகளும் ஒரே முடிவு: பதவி நீக்கம். முதலாளி எழும்பி வெளியே போய் சிகரெட் பற்றினார். ஒரு பெண் அழுதாள். அப்புறம் எல்லாரும் மிஷினுக்குப் போனார்கள்.

இதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். முடிவு என்ன என்று அவர் கேட்கவில்லை. "அந்தாள் வந்து இருந்தவரோ?" என்று கேட்டார். வந்தவர் என்றேன். "இருந்து கேட்டவரோ?" என்றார். ஓம் என்றேன்.

ஏன் அப்படிக் கேட்டார் என்று விளங்க, இங்கே விசாரணை என்றால் என்ன என்று தெரிந்திருக்கவேண்டும். வன்னியில் விசாரிக்கப்பட்டவர்கள் எல்லாரும் நாங்கள்தான். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013 இல் காணாமல்போனோருக்கான ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள், அடுத்த ஜனவரியில் கிளிநொச்சியில் அமர்ந்தது. பிறகு காணாமல்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் அதே பிறப்புச் சான்றிதழ், அதே அடையாள அட்டைப் பிரதி, அதே படம். படம் கொப்பி அடித்து அடித்துக் கறுத்துப்போனது. ஒரு முறை அம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். எந்த அமர்வு என்று சொல்லவில்லை. கதிரையில் இருத்தி, மகன் என்ன நிறச் சேர்ட் போட்டிருந்தார் என்று கேட்டார்கள். அம்மா அரைமணித்தியாலம் கதைத்தார். மொழிபெயர்த்தவர் இரண்டு வசனம் சொன்னார். எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும். அந்த இரண்டு வசனத்தில் சேர்ட்டின் நிறம் இருந்தது, மகனை இராணுவத்திடம் கையளித்த கதை இருக்கவில்லை. ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை யாருக்குப் போகும்? ஜனாதிபதிக்கு. அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஜனாதிபதியை விசாரித்துப் பதவி நீக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்று நீங்கள் சொல்லமுடியாது. 1978 அரசியலமைப்பின் 38 ஆம் உறுப்புரையை நான் பத்துத் தடவைக்கு மேல் கொப்பி அடித்துக் கொடுத்திருக்கிறேன், சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு. 225 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 150 பேர் கையெழுத்திட்டால் பிரேரணையைச் சபாநாயகர் ஏற்கலாம். பாதிப்பேர் கையெழுத்திட்டாலும் போதும், ஆனால் குற்றச்சாட்டு விசாரிக்கத் தகுந்தது என்று சபாநாயகர் திருப்திப்படவேண்டும். பிறகு 150 வாக்கு. பிறகு உயர் நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தரவேண்டும். பிறகு திரும்பவும் 150 வாக்கு. மாலைதீவுக்கு விமானம் ஏறுவது இதைவிடச் சுகம்.

இந்த வழியில் ஒரு தடவை கொஞ்சத் தூரம் போனார்கள். 1991 ஓகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக, அவருடைய கட்சிக்காரர்களான லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் சேர்ந்து கொண்டுவந்த பிரேரணை. மாங்குளம் இராணுவ முகாம் விழுந்து ஒரு வருடம் ஆகவில்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய ரேடியோவில் அப்பா பிபிசி தமிழோசை கேட்டார். "அவையள் தங்களுக்குள்ள அடிபடுகினம், நீ சுத்துறதை நிப்பாட்டாத" என்றார். பிரேரணையை முதலில் ஏற்ற சபாநாயகர் எம்.எச்.முகமது, கையெழுத்துகளில் பிழை என்று ஒக்டோபரில் நிராகரித்தார். இடையில் ஜனாதிபதி பாராளுமன்றத்தை ஒத்திவைத்திருந்தார். விசாரணை என்ற கட்டமே வரவில்லை.

முழுதாக நிறைவேறிய குற்றப்பிரேரணை என்றால், அது ஒரு நீதியரசர் மேல். வாழ்வின் எழுச்சிச் சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் ஒப்புதல் வேண்டும், வடக்கில் சபை இல்லாததால் ஆளுநர் தருகிற ஒப்புதல் செல்லாது என்று 2012 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதைச் சொன்ன பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார். தெரிவுக்குழு மூடிய அறைக்குள் விசாரித்தது. நடுவில் அவர் எழும்பி வெளியே போனார், அவர் இல்லாமலே முடித்தார்கள். எங்களுக்காக ஒரு வரி எழுதியவருக்கு நடந்ததை இங்கே சனம் இப்போதும் சொல்வதுண்டு.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சிக்குக் ராஜபக்ஷ சகோதரர்கள் கோத்தாபய, மகிந்த, பசில் உள்ளிட்டோர் பொறுப்பு என்று நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு தலா 150,000 ரூபாய். பெரிய தீர்ப்புத்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடிப்படை உரிமை வழக்கில் சத்தியக் கடதாசியும் சட்டத்தரணியும்தான் பேசும். ஆளைக் கூண்டில் ஏற்றி, இந்த நாளில் இந்த முடிவை ஏன் எடுத்தீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டத்தை 2025 செப்டெம்பரில் நிறைவேற்றினீர்கள். வீட்டைத் திருப்பிக் கேட்கச் சட்டம் வந்துவிட்டது. கேள்வி கேட்க எப்போது வரும்?

புதிய அரசியலமைப்பு எழுதப்போவதாக ஆளும் தரப்பு தேர்தலில் சொன்னது. நிறைவேற்று ஜனாதிபதி முறையே ஒழிந்துவிடும், பிறகு 38 ஆம் உறுப்புரைக்கு என்ன வேலை என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். சந்தோஷம். அந்த அதிகாரம் காற்றில் கரைந்துவிடாது, பிரதமரிடமோ வேறு யாரிடமோ போய் உட்காரும். அவரையும் விசாரிக்க ஒரு வழி எழுதத்தானே வேண்டும்? அப்போது வன்னி உறுப்பினர் என்ற முறையில் நீங்கள் எழும்பி நின்று சொல்லவேண்டியது இது.

விசாரணை திறந்த மண்டபத்தில், ரிவியில், தமிழிலும் சிங்களத்திலும் சரியாக மொழிபெயர்க்கப்பட்டு நடக்கவேண்டும். இரண்டு வசன மொழிபெயர்ப்பு வேண்டாம். இன்றைய உறுப்புரையின்படி ஜனாதிபதி தானே வரலாம், அல்லது சட்டத்தரணியை அனுப்பலாம். சட்டத்தரணி வரட்டும், ஆளும் வரவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இராஜினாமாக் கடிதம் அனுப்பியதும் விசாரணை செத்துப்போகக் கூடாது. 2021 பெப்ரவரியில் அமெரிக்க செனட், பதவியை விட்டுப்போன ட்ரம்பை விசாரிக்கலாமா என்று வாக்கெடுத்தது. 56 பேர் ஆம், 44 பேர் இல்லை. கடைசியில் குற்றவாளி என்று 57 பேர் சொன்னார்கள், 67 தேவைப்பட்டது, அவர் தப்பிவிட்டார். சரி, தப்பட்டும். சாட்சியமும் வீடியோவும் பதிவில் இருக்கிறது. பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம்.

150 கையெழுத்து கிடைக்குமா என்பது வேறு கதை. 2025 ஓகஸ்டில் பொலிஸ் மாஅதிபரை, மூவர் குழு விசாரித்த பிறகு, 177 வாக்குகளால் பதவி நீக்கினீர்கள். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. மனம் வைத்தால் எண்ணிக்கை வருகிறது.

போன கிழமை அந்த அம்மா திரும்பவும் வந்தார். கண் தெரியவில்லை, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொன்னார். ஆக்கினேன். ஒன்றரைப் பக்கம் இரண்டே கால் பக்கம் ஆகிவிட்டது. அவருடைய சம்மதத்தோடு அதில் ஆறு பிரதி எடுத்து, இந்த மடலோடு சேர்த்து உங்கள் அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மனுவின் மேல் வரியில் பெயர் போடவில்லை, 'மேன்மைதங்கிய ஜனாதிபதி' என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் கடை விலாசத்துக்கே எழுதலாம். போயா நாளில் பூட்டு, மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுவேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து விசாரிப்பார்.

இப்படிக்கு,
மாங்குளம் சந்திப் போட்டோகொப்பிக் கடைக்காரன்