கத்தி கேட்ட மாப்ளைக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
மாசி பொறந்து ஒரு வாரம்

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் ஏழு நிமிஷம், ரெண்டு தடவ கேட்டேன். அதுல மொத அஞ்சு நிமிஷம் உன் மேனேஜர திட்டுறதுக்கே போயிடுச்சு, கடைசியில போற போக்குல "மே லீவுல பையன கூட்டிக்கிட்டு மலைல டென்ட் போடலாம்னு இருக்கேன், ஒரு கத்தி சொல்லுடா, ஆயிரத்து ஐநூறுக்கு மேல போகக்கூடாது"ன்னு ஒரு வரி. போன்ல சொன்னா நீ பாதியிலயே "சரி சரி சரி"ன்னு வெச்சுடுவ, அதான் உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

இங்க எல்லாம் நல்லாதான் இருக்கோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வாக்கர் இல்லாமயே வாசல் வரைக்கும் வராங்க, தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பாத்தே ஆவணும்னு ஒரே அடம், கடைசியில கூட்டத்துல வேணாம்னு நான் சொல்லி, அவங்க மூணு நாள் என்கிட்ட பேசல. கெடிலத்துல தண்ணி வடிஞ்சிடுச்சு. தேவனாம்பட்டினம் பீச்சுல இப்ப சாயங்காலம் கால் வைக்க இடமில்ல, நாம ப்ளஸ் டூ படிக்கும்போது நாய் கூட வராத எடம் அது, ஞாபகம் இருக்கா.

சரி கத்திக்கு வரேன். மொதல்ல என் மானம் போன கதைய சொல்லிடறேன், உனக்கு முழுசா தெரியாது. மூணு வருஷம் முன்னாடி கல்வராயன் மலைக்கு போனோம்ல, நீ கடைசி நேரத்துல லீவு கெடைக்கலன்னு கழண்டுக்கிட்டியே, அந்த ட்ரிப்புக்கு நான் ஆன்லைன்ல ஒரு "சர்வைவல் கத்தி" வாங்கினேன். பாத்தா ஹாலிவுட் படத்துல வர்ற மாதிரி இருக்கும், முதுகுல ரம்பப்பல்லு, பிடி மேல பச்ச கயிறு சுத்தி, பின்னாடி மூடிய திருகினா உள்ள தீக்குச்சி, தூண்டி முள்ளு, மூடியிலயே ஒரு குட்டி காம்பஸ். 899 ரூபா. வீட்டுல அத எடுத்து நான் காட்டின பந்தாவுக்கு அளவே இல்ல. வெள்ளிமலை தாண்டி ஒருத்தரோட பட்டா நெலத்துல டென்ட் போட்டோம், ராத்திரி அடுப்புக்கு ஈர வெறகு, அத பொளக்கலாம்னு கத்திய வெறகு மேல வெச்சு முதுகுல ஒரு கட்டையால அடிச்சேன், மூணாவது அடியில பிடி என் கையில, அலகு வெறகுல. உள்ள பாத்தா அலகுக்கு கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வால், அதுல ஒரு நட்டு, அவ்ளோதான். பிடி வெறும் குழாய். பொட்டி வைக்கணும்னு பிடிய பொள்ளலாக்கினா அலகு எத புடிச்சிக்கிட்டு நிக்கும் சொல்லு. அப்புறம் அந்த நெலத்துக்காரரே ஒரு கொடுவாளோட வந்தாரு, பத்து நிமிஷத்துல ராத்திரிக்கும் காலைலக்கும் சேத்து வெறகு பொளந்து அடுக்கிட்டு, என் காம்பஸ் மூடிய கையில எடுத்து பாத்துட்டு "இது எதுக்கு சார்"னு கேட்டாரு. என்ன பதில் சொல்றது.

அன்னிக்கு நைட்டு படுத்துக்கிட்டு கணக்கு போட்டேன், இந்த ரெண்டு நாள்ல கத்திய எதுக்கெல்லாம் தொட்டோம்னு. வெங்காயம், தக்காளி, கயிறு, மசாலா பாக்கெட், சிக்கன் துண்டு போட்டது, ஒரு குச்சிய கூர் சீவி ஆணி மாதிரி மண்ணுல அடிச்சது, எலுமிச்சம்பழம். பெரிய கத்தி தேவைப்பட்டது வெறகுக்கு மட்டும்தான், அதுக்கும் கத்தி சரியான சாமான் இல்ல, கொடுவாள்தான். நீ போறது மே மாசம், காடு காய்ஞ்சு கெடக்கும். 2018 மார்ச்சுல குரங்கணியில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீயில மாட்டினது உனக்கும் தெரியும், அந்த சீசன்ல வனத்துறை ட்ரெக்கிங் பாதையையே மூடிடறாங்க, நீ பட்டா நெலத்துல தங்கினாலும் நெருப்பு மூட்டாத, சின்ன கேஸ் ஸ்டவ் எடுத்துக்கோ. நெருப்பே இல்லன்னா வெறகு இல்ல, வெறகு இல்லன்னா ஒரு அடி நீளத்துக்கு கத்தி எதுக்கு? உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது நாலு இன்ச் அலகு போதும்டா. சட்டத்துலயும் அலகு 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ இருந்தா, அது வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செஞ்சது இல்லன்னா, ஆயுதம்னு கணக்குல வந்துடும், சில எடத்துல லைசென்ஸ் கேப்பாங்க. நாலு இன்ச்சுக்கு அந்த தலவலி கெடையாது. ஃப்ளைட்ல போனா மட்டும் செக்-இன் பேக்ல போட்டுடு.

மடக்குக்கத்தியா மடக்காத கத்தியான்னு கேப்ப. எனக்கு மடக்காததுதான் புடிக்கும், மூட்டு இல்லாததால உடையறதுக்கு எடம் இல்ல, மீன் செதில், கோழிக்கொழுப்பு எது ஒட்டினாலும் கழுவி துடைச்சா முடிஞ்சுது. மடக்குல பாக்கெட்ல போட்டுக்கலாம்ங்கற ஒரு சௌகரியம். ஆபீஸ்ல யாரோ உனக்கு விக்டோரினாக்ஸ் குடுத்தாங்கன்னு சொன்னல்ல, அது 1884ல ஆரம்பிச்ச சுவிஸ் கம்பெனி, சரக்கு சுத்தம், ஆனா அந்த 91 மில்லிமீட்டர் மாடல்ல அலகுக்கு லாக் கெடையாது, முனைய வெச்சு எதையாவது அமுக்கினா மடங்கி விரல் மேல வந்து உக்காரும், பையன் கையில குடுக்கும்போது இத மனசுல வெச்சுக்கோ. பிரான்ஸ் காரன் செய்யற ஓபினெல்ங்கற மடக்குக்கத்தியில ஒரு வளையம் இருக்கு, திருகினா அலகு பூட்டிக்கும், 1955ல கொண்டு வந்தது. எட்டாம் நம்பர் அலகு எட்டரை சென்டிமீட்டர், வெங்காயம் அரிய அத மாதிரி சுகம் வேற இல்ல. கொற ஒண்ணுதான், பிடி பீச் மரம், மழைல நனைஞ்சா ஊதிக்கிட்டு அலகு வெளியவே வராது. கார்த்திகை மழைல நம்ம கடலூர் எப்படி இருக்கும்னு உனக்கு சொல்லணுமா.

நான் இப்ப வெச்சிருக்கறது ஸ்வீடன் மோரா, கம்பேனியன்னு மாடல். மோராங்கறது அந்த ஊரு பேருதான், அங்க 1891ல இருந்து கத்தி அடிக்கறாங்க. அலகு பத்து சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல, கனம் ரெண்டரை மில்லிமீட்டர், பிடி ரப்பர், உறை பிளாஸ்டிக். பாக்க ஒண்ணுமே இல்ல, ஹார்ட்வேர் கடைல தொங்குற சாமான் மாதிரிதான் இருக்கும், வீட்டம்மா பாத்துட்டு "இதுக்கா இவ்ளோ காசு"ன்னாங்க. அதுல அலகோட வால் பிடிக்குள்ள முக்காவாசிதான் போகுது, கடைசி வரைக்கும் போகல, ஆனாலும் கட்டையால அடிச்சு அக்கிரமம் பண்ணாத வரைக்கும் ஆடல அசையல. அந்த ஊருல சீப்பான கத்தி, நம்ம ஊருக்கு வரும்போது விலை ஏறிடுது, உன் பட்ஜெட்ட கொஞ்சம் தாண்டலாம், ஆஃபர் வர்ற வரைக்கும் காத்திரு.

அதுல கார்பன், ஸ்டெயின்லெஸ்னு ரெண்டு வரும். யூடியூப்ல எவனாவது கார்பன்தான் கெத்துன்னு சொல்லுவான், பதம் சீக்கிரம் ஏறும், அது வாஸ்தவம்தான். ஆனா நம்ம வீட்டு ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷத்துல உதிருற ஊருடா இது, உப்புக்காத்து. எங்கிட்ட ஒரு கார்பன் கத்தி இருந்துச்சு, எலுமிச்சம்பழம் அறுத்துட்டு தொடைக்காம டென்ட்ல வெச்சேன், காலைல எழுந்தா அலகு பூரா கருப்பு, ஓரத்துல செவப்பா துரு. பண்ருட்டிக்காரங்க பலாப்பழம் அறுக்க கத்திக்கு எண்ண தடவுறாங்களே, அது பால் ஒட்டாம இருக்க, அதே எண்ணதான் கார்பனுக்கு துருவுக்கும் மருந்து, ஆனா நீ தெனம் எண்ண போடுற ஆளா? உன் சைக்கிள் செயினுக்கே நான்தான் போடுவேன். ஸ்டெயின்லெஸ் வாங்கு.

சீப்பா வேற வாங்கறதா இருந்தா ஒரு டெஸ்ட் வெச்சுக்கோ. ஸ்டீல் என்னன்னு நம்பரோட எழுதியிருக்கான்னு பாரு. 8சிஆர்13-னு போட்டிருந்தா அதுல கார்பன் 0.8 சதவீதம் பக்கம், வாங்கலாம், ஓரளவு பதம் நிக்கும். 3சிஆர்13 சாதா சரக்கு, 0.3 சதவீதம், துருவுக்கு பயமில்ல, ஆனா ரெண்டு கிலோ வெங்காயத்துல மழுங்கிடும். "சர்ஜிகல் ஸ்டீல்", "ஜப்பான் ஸ்டீல்"னு நம்பர் இல்லாம எழுதியிருந்தா தொடாத. போன மாசம் புதுச்சேரி போயிருந்தேன், காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தைல ஒருத்தர் துணி விரிச்சு கத்தியா பரப்பி வெச்சிருந்தாரு, அலை அலையா கோலம் போட்ட அலகு, "டமாஸ்கஸ் சார், நானூறு"ன்னாரு. நகத்தால சுரண்டி பாத்தேன், மேலாப்புல அச்சடிச்ச கோலம், வாய்ப்பக்கம் தீட்டுன எடத்துல காணோம். வயிறு எரிஞ்சுது மாப்ள, ஏன்னா அந்த டமாஸ்கஸ் வாளுக்கே இரும்பு நம்ம பக்கத்துல இருந்துதான் போச்சு, அந்த இரும்ப இங்க்லீஷ்ல வூட்ஸ்னு சொல்றதே கன்னடத்து உக்கு, நம்ம உருக்குங்கற சொல்லுல இருந்து போனதுன்னுதான் சொல்றாங்க, ஈரோடு பக்கம் கொடுமணல்ல உலை எல்லாம் தோண்டி எடுத்திருக்காங்க, கடைசியில நமக்கே ஸ்டிக்கர் ஒட்டி விக்கறான்.

ஆனா நான் உனக்கு சொல்ல வந்தது இந்த கம்பெனி கதை எல்லாம் இல்ல. இங்க முதுநகர் போற வழியில ஒரு கொல்லர் பட்டறை இருக்கு, பெரியவர், துருத்திக்கு பதிலா இப்ப சின்ன மோட்டார் ஊதுது, மத்ததெல்லாம் பழசுதான். லாரி ஸ்பிரிங் பட்டைய துண்டு போட்டு உலையில காய்ச்சி அடிப்பாரு, அருவா, களைக்கொத்து, மீன் வெட்டுற அரிவாள்மனை எல்லாம் அவர்கிட்டதான். லாரி பாரத்த தாங்கறதுக்குன்னே செஞ்ச ஸ்டீலு, லேசுல உடையாது. தோய்ச்சல்தான், அதாவது காய்ச்சி முக்கி இரும்ப இறுக்கறதுதான் விஷயம்ங்கறாரு, அதிகமானா வாய் பல்லு பல்லா ஒடையும், கம்மியானா மடங்கும், அத அவரு காய்ச்சும்போது அலகுல ஏறுற கலர பாத்தே சொல்லிடுவாரு. அவர்கிட்ட நாலு இன்ச் கத்தி ஒண்ணு கேட்டேன், சிரிச்சாரு, "பென்சில் சீவவா தம்பி"ன்னு. செஞ்சு குடுத்தாரு. வால் பிடி கடைசி வரைக்கும் முழுசா போகுது, ரெண்டு பக்கமும் பூவரசு கட்டை, மூணு ரிவிட். 450 ரூபா. கொஞ்சம் கனம்தான், அழகும் இல்ல, துரு புடிக்கும், அதனால மேல நான் சொன்ன ஸ்டெயின்லெஸ் உபதேசத்துக்கு இது நேர் எதிர்னு நீ கேப்ப, கேளு, எனக்கு பதில் இல்ல. எண்ண போட்டு துணியில சுத்தி வெச்சிருக்கேன். வெளிய போகும்போது கை தானா அதத்தான் எடுக்குது.

எத வாங்கினாலும் ரெண்டு விஷயம். ஒண்ணு உறை. உறைய தலைகீழா புடிச்சு உதறு, கத்தி விழுந்தா அது உறை இல்ல. இன்னொண்ணு சாணை. சைக்கிள்ல பெடல் போட்டுக்கிட்டு வர்ற சாணைக்காரர்கிட்ட அரிவாள்மனைய குடு, இந்த மாதிரி மெல்லிசு கத்திய குடுக்காத, பொறி பறக்குற சூட்டுல வாய் நீலம் பாய்ஞ்சுதுன்னா தோய்ச்சல் போச்சு, அப்புறம் எவ்ளோ தீட்டினாலும் நிக்காது. ஹார்ட்வேர் கடைல ரெண்டு பக்கமும் சொரசொரப்பு வேற வேறயா இருக்கற கல்லு கெடைக்கும், தண்ணி தெளிச்சு, மோரா மாதிரி கத்தின்னா ஓரத்துல இருக்கற சரிவ கல்லு மேல அப்படியே படிய வெச்சு தள்ளு, கோணம் பாக்கற வேலையே இல்ல. காட்டுல கல்லு இல்லையா, பீங்கான் டீ கப்ப கவுத்து வை, அடியில பளபளப்பு இல்லாத வட்டம் இருக்கும்ல, அதுல நாலு இழுப்பு இழு. எங்க ஆயா அம்மிக்கல்லு ஓரத்துல தேய்ச்சது இதே கணக்குதான்.

பையனுக்கு எத்தன வயசு இப்ப, பதினொண்ணா? மருமகனுக்கு மொதல்ல உக்காந்து வெட்ட சொல்லிக் குடு, நின்னுக்கிட்டோ நடந்துக்கிட்டோ வேணாம். கைய நீட்டி ஒரு சுத்து சுத்தினா யாரும் இடிக்கக் கூடாது. வெட்டுறது எப்பவும் உடம்ப விட்டு வெளிப்பக்கமா. மழுங்கின கத்திய குடுத்தா பாதுகாப்புன்னு நெனைக்காத, அதுலதான் அமுக்கி அமுக்கி வழுக்கி கைய கிழிச்சுக்கும், என் இடது கை சுட்டுவிரல்ல இருக்கற தையல் அதுக்கு சாட்சி.

அப்புறம் இன்னொண்ணு, நான் பெரியவர்கிட்ட இன்னொரு கத்திக்கு சொல்லி வெச்சுட்டேன், மருமகனுக்கு. அவன் உள்ளங்கை அகலம் எவ்ளோன்னு ஸ்கேல்ல அளந்து அனுப்பு, பிடி அதுக்கு தக்கன செய்யணுமாம். பங்குனி உத்திரத்துக்கு நீ குடும்பத்தோட வந்தா இங்கயே வாங்கிக்கலாம், தங்கச்சிக்கு சங்கரா மீன் கொழம்பு அம்மா வெக்கறேன்னு இருக்காங்க. கத்திய மட்டும் உன் கையில குடுக்க மாட்டேன், திண்ணையில வெக்கறேன், நீயா எடுத்துக்கோ. கையில குடுத்தா சண்டை வரும்னு ஆயா சொல்லும்ல. கேரம்போர்டு காயினுக்காக ஒன்னரை வருஷம் பேசாம கெடந்தோம், அது ஒண்ணு போதும்.

மறக்காம ஸ்கேல் போட்டு அளந்து அனுப்பு.

உன்
மாப்ள