குணாவுக்கு, பச்சைக் கல் பற்றி

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் குணா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை, படுவான்கரையில் அண்ணன்ர வயல் தண்ணிக்குள்ளே கிடக்குது. அவரோடு கதைக்கப் போனால் வேற கதையே இல்லை.

மகளுக்கு மொல்டவைட் பென்டன் வாங்கப் போறன் என்று எழுதியிருந்தாய், விண்கல் மோதி மண் உருகி உண்டான அந்தப் பச்சைக் கண்ணாடிக் கல்லில். கொஞ்சம் பொறு மச்சான். டிக்டொக்கில் அதற்கு விசர் பிடித்து விலை ஏறினதோடு, போத்தல் கண்ணாடியை உருக்கி அச்சில் வார்த்த கள்ளக் கல்லும் சந்தைக்கு வந்துவிட்டது. மேற்பரப்பு அளவுக்கு மீறி மினுங்கினால் கைவைக்காதே. அசலை லென்சில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார். உள்ளே குமிழிகள் இருக்கும், பாகு இழுபட்டமாதிரி நெளிகோடுகள் ஓடும், இடைக்கிடை புழுவாய்ச் சுருண்ட நிறமில்லாத இழையும் தெரியும். அது தனிச் சிலிக்கா உருகினது.

பட்டை தீட்டினதை வாங்கவே வாங்காதே. மண்ணுக்குள் கிடந்து அரிபட்ட அந்தக் கரடுமுரடுத் தோலுக்குத்தான் சேகரிக்கிறவன் காசு கொடுக்கிறான். அதைச் சீவி எறிந்தால் மிச்சம் வெறும் பச்சைக் கண்ணாடி. தீட்டாத துண்டை வெள்ளிக் கம்பியில் சுற்றிக் கொடு, பிள்ளைக்கு அதுதான் வடிவு.

இன்னொன்று. அந்தக் கல் பிறந்த இடம் உன்ர ஸ்டுட்கார்ட்டுக்குக் கிட்டத்தான். ஏறத்தாழ 1.5 கோடி வருசத்துக்கு முன் விண்கல் விழுந்து 24 கிலோமீற்றர் அகலத்தில் தோண்டின குழிக்குள்ளேதான் நோர்ட்லிங்கன் ஊரே இருக்குது. உருகித் தெறித்த மேல்மண் கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பறந்து இன்றைய செக் நாட்டில் விழுந்தது. ஆகவே குழிக்குள் மொல்டவைட் தேடாதே. அந்தக் குழியை எரிமலை வாய் என்றுதான் கனகாலம் நம்பினார்கள். 1960இல் ஷூமேக்கர், சாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே கோசைட் என்ற கனிமத்தைக் கண்டபிறகுதான் வழக்குத் தீர்ந்தது. பேரழுத்தம் இல்லாமல் அந்தக் கனிமம் உண்டாகாது. ஊர்த் தேவாலயம் கட்டின, மோதலில் உண்டான சுவேவைட் என்ற பாறைக் கல்லிலும் மோதலில் உருகின கண்ணாடித் துணுக்குகள் உண்டு. செலவில்லாமல் தடவிப் பார்க்கலாம்.

என்னட்ட இருக்கிறது தாய்லாந்துக் கறுப்பு, அதுவும் வேறொரு விண்கல் மோதலில் உருகின கண்ணாடிதான். நகைக்கடையில் காட்டினேன், "இதை வைச்சு என்ன செய்யிறது?" என்று திருப்பித் தந்தார்கள். வயது ஏறத்தாழ 8 இலட்சம் வருசம். அந்த மோதலின் பொடித் துணிக்கைகள் இந்து சமுத்திர அடிமண்ணிலும் அகப்பட்டிருக்குது. குழி எங்கே என்று ஆய்வாளர்கள் இன்னும் அடிபடுகிறார்கள்! விலை குறைவு, கள்ளம் செய்ய மெனக்கெடுகிறவனும் குறைவு. எனக்கு இதுதான் பிடிக்குது.

வரும்போது பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கொண்டு வா. என்ர லென்சில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

அன்புடன்,
ரவி