வயலினின் நடு ஒட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

ஃபெவிகால் இருக்கும்போது இன்னும் ஏன் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசையைக் காய்ச்சுகிறாய் என்று கேட்டிருந்தாய். கதவும் கட்டிலும் செய்யும் உனக்கு அது நியாயமான கேள்விதான். வயலினின் மேல்பலகையைப் பக்கப் பலகையோடு ஒட்டும் இடத்தில் பதில் சுலபம். உள்ளே ஒரு விரிசலைச் சரிசெய்ய என்றைக்காவது அதைக் கழற்றியாக வேண்டும். தோல் காய்ச்சிய பசை என்றால் மெல்லிய கத்தியும் கொஞ்சம் ஈரமும் போதும். மற்றதென்றால் மரமே பிய்ந்து வரும்.

மேல்பலகையின் இரண்டு பாதிகளும் சேரும் நடு ஒட்டை யாரும் கழற்றப் போவதில்லை. அங்கேயும் நான் வச்சிரம்தான் போடுகிறேன். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் இழுப்புக்கு மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். எந்நேரமும் கம்பி முறுக்கேறி நிற்கும் வாத்தியத்துக்கு அது ஆகாது. வச்சிரமோ காயும்போதே சுருங்கி இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

போன வாரம் ஒன்று ஒட்டினேன். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் துண்டை இரண்டாகப் பிளந்து புத்தகம்போல் விரித்து, பட்டைப் பக்க விளிம்புகள் நடுவில் சேரும்படி வைப்பது வழக்கம். ஏறத்தாழ 38 செ.மீ. நீளம். நேரமெல்லாம் அந்த விளிம்புகளை இழைப்பதிலேயே போய்விடுகிறது. இழைப்புளியின் அலகை நன்றாகத் தீட்டி, சுருள் முனைக்கு முனை அறுபடாமல் வரும்வரை இழைக்க வேண்டும். அப்புறம் ஒன்றின்மேல் ஒன்றை நிறுத்தி, மேலே உள்ளதை லேசாகத் திருப்பிப் பார்ப்பேன். நடுவில் ஊன்றிச் சுழன்றால் அங்கே மேடு இருக்கிறது. இரு முனைகளும் பிடித்துக்கொண்டு உராய்ந்தால் சரி. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. உப்புத்தாளைக் கிட்டவே சேர்ப்பதில்லை, விளிம்பை மழுக்கிவிடும். இழைத்த முகத்தில் விரல் படாமல் அன்றைக்கே ஒட்டிவிடுவேன்.

வச்சிரத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக்குகிறேன். கொதித்தால் பிடிமானம் போய்விடும். பலகைகளையும் ஹேர் டிரையரால் சூடாக்கி, பசை தடவி, கிளாம்ப் எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். உபரிப் பசை விளிம்பில் பிதுங்கும். திடீரென்று பலகை கைக்குக் கனக்கும், நகர மறுக்கும். அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். அதற்குமேல் தேய்த்தால் பிடித்த பிடி உடைந்துபோகும். குளிர்நாட்டுக்காரர்கள் இதைப் பதறிப் பதறிச் செய்ய வேண்டியிருக்கும். நம் வெயிலில் பசை இறுகச் சற்று நேரமெடுப்பது ஒரு வரம் என்றே சொல்வேன். மழைக்காலத்தில் காய்வதற்குத்தான் தாமதம். அவசரப்படாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

உன் பட்டறையில் அப்பாவின் நீள இழைப்புளி இன்னும் இருக்கிறதா? என்னுடையது இந்த வேலைக்குச் சற்றுக் குட்டை. சும்மா கிடந்தால் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு