இருவர் வீட்டுக்குச் சமையல் பெட்டி கட்டுப்படியாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நறுக்கிய காய், அளந்த பருப்பு, கரைத்த புளி, பொட்டலம் கட்டிய பொடி ஆகியவற்றைச் செய்முறை அட்டையோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் ‘மீல் கிட்’ எனப்படும் சமையல் பெட்டிகளைப் பற்றி, அவை சிறு குடும்பங்களுக்கு ஏற்றவையா என்று என் வயதொத்தவர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். 12 வாரங்கள் அவற்றை வாங்கிச் சமைத்து, அன்றன்று கணக்கும் எழுதிவைத்தவன் என்ற முறையில் என் அனுபவத்தைத் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். மேற்கு மாம்பலத்தில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கிறோம்; பிள்ளைகள் இருவரும் வெளியூரில். சென்ற ஆண்டு மார்ச்சு மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் மூன்று மாதம் அரிவாள்மனையைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சமையல் பொறுப்பு என் கைக்கு வந்தது. உணவகச் சாப்பாடு இருவருக்குமே ஒத்துக்கொள்ளாததால், மகன் யோசனைப்படி ஒரு நிறுவனத்தின் செயலியில் வாரத்துக்கு 3 பெட்டி என்று பதிவு செய்துகொண்டோம். மொத்தம் 36 பெட்டிகள் வாங்கினோம்.

முதலில் அவற்றின் நன்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. அந்தச் செய்முறை அட்டைதான் எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தது. இரண்டு பேருக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி என்பது என் மனைவிக்குக் கை அளவில் தெரியும். அதை அவரால் வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பெட்டியில் வந்த 50 கிராம் துவரம்பருப்பைக் கையில் கொட்டிப் பார்த்தபோதுதான் அந்த அளவு எனக்குப் பிடிபட்டது. அட்டையில் புளிக்கரைசலை ஐந்து நிமிடம் கொதிக்கவிடச் சொல்லியிருக்கும். அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி, பச்சை வாசனை இன்னும் போகவில்லை, பெருங்காயத்தை இப்போது போடாதீர்கள் என்பார். அட்டை அளவைச் சொன்னது, அவர் பதத்தைச் சொன்னார். ஐந்தாவது வாரத்தில் எனக்கு அட்டை தேவைப்படவில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது: பெட்டியில் இருந்த பருப்பும் பொடியும் கடுகும் எங்கள் வீட்டு டப்பாக்களில் ஏற்கெனவே இருப்பவை, நாங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது உண்மையில் நறுக்கிய காய்க்கு மட்டும்தான்.

இனி கணக்கு. சாம்பாரும் பொரியலும் செய்வதற்கான பெட்டி ஒன்றுக்கு 149 ரூபாய். உள்ளே இருந்த அதே அளவுப் பொருட்களைத் தெருக்கோடிக் கடை விலையில் கூட்டிப் பார்த்தபோது, தேங்காயும் தாளிக்கும் சாமானும் சேர்த்தே 60 ரூபாயைத் தாண்டவில்லை. ஆனால் இந்த ஒப்பீடு நியாயமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் இருவருக்கான அளவில் எல்லாவற்றையும் தருவதில்லை. பூசணியில் ஒரு கீற்று கேட்டால் கிடைக்கும். சுரைக்காயையும் முட்டைக்கோஸையும் முழுதாகத்தான் வாங்க வேண்டும். இருவர் வீட்டில் ஒரு முட்டைக்கோஸ் நான்கு நாள் வரும், நான்காவது நாள் அதைப் பார்க்கவே பிடிக்காது. ஆகவே பெட்டியை நிறுத்திய பிறகு நான்கு வாரம், குப்பைக்கூடைக்குப் போனதையும் எழுதிவைத்தேன்: அரைச் சுரைக்காய், கீரைக் கட்டில் பாதி இரண்டு முறை, பூஞ்சை பிடித்த தேங்காய் மூடி இரண்டு, சூத்தை விழுந்த கத்தரிக்காய் கொஞ்சம், காய்ந்துபோன கொத்தமல்லி. எல்லாவற்றுக்கும் சேர்த்து மதிப்புப் போட்டால் 150 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அதே நான்கு வாரத்துக்கு 12 பெட்டி வாங்கியிருந்தால் கூடுதலாகக் கொடுத்திருக்கக்கூடியது 1,068 ரூபாய். வீணாவதைத் தடுக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த மிச்சம் கூடுதல் விலையில் ஏழில் ஒரு பங்குதான். மீதி 900 ரூபாய்க்கு மேல் உள்ளது அரிவாள்மனைக்கான கூலி. ஒரு பெட்டி எனக்கு மிச்சப்படுத்தியது சுமார் அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 150 ரூபாய் ஆகிறது. கை முறிந்திருந்த மாதங்களில் அது தாராளமாகக் கொடுக்கத் தகுந்த கூலி. இரண்டு பேரும் நன்றாக இருக்கும்போது, ஓய்வூதியத்தில் வாழும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

வெளிநாட்டு ஆய்வுகளைக் காட்டி இப்பெட்டிகளை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவைப் பெட்டியிலிருந்து சமைப்பதைவிடக் கடையில் பொருள் வாங்கிச் சமைக்கும்போது வெளியாகும் பசுங்குடில் வாயுக்கள் சராசரியாக 33 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பெட்டியில் பிளாஸ்டிக் அதிகம் இருந்தும் இப்படி ஆனதற்குக் காரணம், உணவு வீணாவது குறைந்ததும், சில்லறைக் கடை என்ற ஒரு கட்டம் இல்லாமல் போனதும்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024-ம் ஆண்டு அறிக்கைப்படி, 2022-ல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. எனினும் அவர்கள் ஒப்பிட்டது குளிரூட்டிய பேரங்காடியோடு. எங்கள் தெருவில் அன்றாடம் கோயம்பேட்டிலிருந்து ஏற்றிவந்து அன்றே விற்றுத் தீர்க்கும் தள்ளுவண்டியோடு அல்ல.

விலையைப் பொறுத்தவரை அங்கே நடந்ததும் நமக்குப் பாடமாகிறது. சமையல் பெட்டி விற்ற நியூயார்க்கின் புளூ ஏப்ரன் நிறுவனம் 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு 190 கோடி டாலர் அளவில் இருந்தது. 2023-ல் அது சுமார் 10 கோடி டாலருக்குக் கைமாறியது. முதல் சில பெட்டிகளைத் தள்ளுபடியில் கொடுத்து ஆள் சேர்த்தார்கள், முழு விலை வந்ததும் பலர் விலகிவிட்டார்கள். எங்களுக்கும் முதல் வாரம் பாதி விலைதான். அந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. மே மாதம் கத்திரி வெயிலில், மதியம் ஒரு மணிக்கு வந்த பெட்டியைத் திறந்தபோது பூசணித் துண்டுகள் இருந்த உறை உள்ளே வியர்த்திருந்தது. துண்டுகள் கைக்கு வழவழவென்று இருந்தன. புளித்த வாடை அடித்தது. நறுக்கிய காயை 5 டிகிரிக்கு மேல் போகாமல் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் கிருமிகள் விரைவாகப் பெருகும். இருசக்கர வாகனத்தின் பின்னால் கட்டிய பையில் வெயிலில் வரும் காய் அந்தக் குளிர்ச்சியில் இருக்க வாய்ப்பே இல்லை. புகார் செய்தோம், பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அன்று மதியம் மோர்ச்சோறோடு முடித்துக்கொண்டோம். 36-ல் இப்படி வந்தவை 4. உறையின் மேல் ‘பேக்’ செய்த தேதி இருந்ததே தவிர, காய் நறுக்கியது எத்தனை மணிக்கு என்பது எதிலும் இல்லை. முழுக் காயில் வாட்டம் கண்ணுக்குத் தெரியும், காம்பைப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லலாம். நறுக்கிய காய்க்குக் காம்பு இல்லை. வாங்குபவர் நம்பக்கூடியது அந்த நேரக் குறிப்பு ஒன்றைத்தான். நறுக்கியபின் வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும் என்பதால் சத்துக்காகவும் அந்தக் குறிப்பு தேவை. மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 சனவரி முதல் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. ஒரு வேளைச் சாம்பாருக்கு எங்கள் வீட்டில் சேர்ந்த சிறு உறைகளோ 11.

தனியாக வாழ்பவர்களின் நிலை இன்னும் கடினம். எங்கள் குடியிருப்பில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருக்கிறார். நான் பார்த்த எந்தச் செயலியிலும் இருவருக்குக் குறைந்த பெட்டி இல்லாததால், அவர் இருவருக்கான பெட்டியை வாங்கி, பாதியைச் சமைத்து, மீதியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மூன்றாம் நாள் கொட்டிவிடுகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தின் 7.21 கோடி பேர் ஏறத்தாழ 1.85 கோடி குடும்பங்களாக, அதாவது வீட்டுக்கு நால்வருக்கும் குறைவாக வாழ்ந்தார்கள். ஒருவர், இருவர் வாழும் வீடுகளுக்காகவே விற்கப்படும் பொருளில் ஒருவருக்கான அளவு இல்லாதது பெரிய குறை.

அப்படியென்றால் எதற்குப் பணம் கொடுக்கலாம்? என் கணக்கில் நான்கே பொருட்களுக்கு: வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரை, சின்ன வெங்காயம். பீன்ஸும் கேரட்டும் நறுக்குவது பத்து நிமிட வேலை. வாழைப்பூ அப்படியல்ல. மடலை ஒவ்வொன்றாக விரித்து, ஒவ்வொரு பூவிலும் நடுவிலிருக்கும் கள்ளனையும் அடியிலிருக்கும் செதிலையும் பிடுங்கி, கறுக்காமல் மோர்த்தண்ணீரில் போட வேண்டும். முடிக்கும்போது விரல் நுனியெல்லாம் கறையேறியிருக்கும். தண்டை வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுப்பதும் அப்படித்தான். மூட்டுவலி உள்ள கைகளால் முடியாத வேலைகள் இவை. இவற்றை ஆய்ந்து தருபவர்களுக்குக் கொடுக்கும் காசு முழுவதும் உழைப்புக்கான காசு.

இதற்குப் புதிய வணிகம் ஒன்றும் வேண்டியதில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருப் பக்கம், வேலை முடிந்து மின்சார ரயிலேற வரும் பெண்களுக்காக, நறுக்கிய காயைப் பொட்டலம் போட்டுப் பெண்கள் நெடுங்காலமாக விற்றுவருகிறார்கள். கண்ணெதிரே ஆய்கிறார்கள், கூறு பிரித்து வைக்கிறார்கள், பாதி போதும் என்றால் பாதி தருகிறார்கள். பெட்டியில் தனி உறையில் விலையோடு வந்த கறிவேப்பிலை அவர்களிடம் கொசுறு. நான்கு மாதமாக வாரம் இருமுறை பையோடும் ஒரு டப்பாவோடும் அங்கே போய்த்தான் வாங்கிவருகிறேன். எங்கள் வீட்டுச் சமையல் செலவு பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் படியேறி இறங்க முடியாதவர்களால் அங்கே போக இயலாது. அந்தப் பெண்களுக்கோ நிழலும் நல்ல தண்ணீரும் குளிர்பெட்டியும் கிடையாது.

எனவே இரண்டு கோரிக்கைகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறை, 14 இலக்க உரிம எண்ணைப் போலவே நறுக்கிய நேரத்தையும் ஒவ்வொரு உறையிலும் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். கூட்டுறவுத் துறை, 2013 முதல் சென்னையில் நடத்திவரும் பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகளில் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு ஒரு மேசையும் குளிர்பெட்டியும் ஒதுக்கி, ஆய்ந்த காயையும் கீரையையும் 100 கிராம் அளவிலிருந்து விற்கவும், முதியோர் வீடுகளுக்குக் காலையில் எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தனுப்பி மறுநாள் டப்பாவைத் திரும்பப் பெறவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் தெருவிலிருந்து மட்டும் முதல் நாளே எட்டு வீடுகள் பதிவு செய்துகொள்ளத் தயாராக இருக்கிறோம். அவர்களிடம் நேரில் கேட்டுவிட்டே இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை.