கச்சேரி வைப்பதற்கு முன்னால்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிறது, பதில் போடத்தான் தாமதம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாசல்வரை நடந்து வருகிறார்கள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. தங்கச்சியைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி, வீடு, பள்ளிக்கூட வேலை என்று முழுப் பாரமும் அவள் தலையில்தான் விழுந்திருக்கும். மருமகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததற்கு நானே போன் பண்ணிப் பேசுகிறேன். இங்கே பெரியவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்மவான்பேட்டைப் பக்கத்து ராணுவக் குடும்பப் பிள்ளைகளின் படிப்புக்காக மெல்லிசைக் கச்சேரி வைக்கப்போகிறீர்கள், யூடியூபில் அரசியல் பேசிப் பெயர் வாங்கிய ஒருவரைத் தொகுத்து வழங்கக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் ஆசைப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். 'நீ அமெரிக்காவில் இப்படி ஒன்றுக்குப் போனாயே, எப்படி நடத்தினார்கள்?' என்றும் கேட்டிருந்தாய். ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது போனது. ஆனாலும் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

அதன் பெயர் ஃப்ரீடம் கான்சர்ட். 2003-லிருந்து சில வருடங்கள் கோடைதோறும் நடந்தது. நடத்தியவர் ஷான் ஹானிட்டி. இங்கே ரேடியோவில் மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை பேசுகிற ஆள், குடியரசுக் கட்சியின் பக்கம். பேச்சு என்றால் பாட்டு, விளம்பர ஜோக்கு எல்லாம் இல்லை, மூன்று மணி நேரமும் அரசியல்தான். உனக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். நம் ஊர்த் தனியார் எஃப்எம்களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்லவே அனுமதியில்லை, ஆகாசவாணி செய்தியைத்தான் அப்படியே போடலாம். இங்கேயும் ஒரு காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. சர்ச்சைக்குரிய விஷயம் என்றால் எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று 1949-லிருந்து ஒரு விதி. 1987-ல் அதை எடுத்துவிட்டார்கள். பாட்டெல்லாம் எஃப்எம்முக்குப் போய் ஏஎம் நிலையங்கள் ஈயாடிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த வருடமே ரஷ் லிம்பா என்ற குடியரசுக் கட்சிப் பக்கத்து ரேடியோ பேச்சாளர் நாடு முழுக்கப் பேச வந்தார். அவர் போட்ட பாதையில் வந்தவர்தான் ஹானிட்டி. அவருடைய நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கிய தேதி 2001 செப்டம்பர் 10. மறுநாள் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அதற்குப் பிறகு இந்த நாடு இருந்த மனநிலைக்கு அந்தக் குரல் எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று யோசித்துப் பார்.

என்னை அழைத்துப்போனது ஆபீசில் பக்கத்து சீட்டில் இருந்தவர். வீட்டுக்குப் போகிற ஒரு மணி நேரமும் காரில் ஹானிட்டி பேசுகிற 770 ஏஎம் நிலையத்தைத்தான் கேட்பார். அவருடைய அக்கா மகன் மரைன் படையில் இருந்தான். 'அரசியலை விடு, பிள்ளைகளுக்காக வா' என்றார். அவர் கூப்பிட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை.

இடம் நியூ ஜெர்சி மாநிலத்து ஜாக்சனில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கேளிக்கைப் பூங்கா. எடிசனிலிருந்து டர்ன்பைக் நெடுஞ்சாலையில் தெற்கே போய், 195-ஆம் சாலையில் கிழக்கே திரும்பவேண்டும். கிங்டா கா என்று 456 அடி உயர ரோலர் கோஸ்டர் ஒன்று அங்கே இருந்தது, 2025-ல்தான் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒருபுறம் சறுக்கு ராட்டினத்துக் கூச்சல், மறுபுறம் தேசபக்திக் கச்சேரி என்பது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. ஆனால் இடத்தேர்வில் ஒரு பொருத்தமும் இருந்தது. ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாம் பக்கத்தில்தான். ஈராக்குக்குப் போன பலர் அங்கே பயிற்சி எடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள்.

மேடையில் சார்லி டேனியல்ஸ் பிடில் வாசித்தார். பெரிய தொப்பி, வெள்ளைத் தாடி, கனத்த உடம்பு. வில்லை அவர் இழுத்த இழுப்பில் அதன் இழைகள் அறுந்து தொங்கின, மனிதர் சட்டை செய்யவில்லை. நம் ஊர் மேளக் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு அது எந்த விளக்கமும் இல்லாமல் பிடித்துப்போகும். அப்புறம் லீ கிரீன்வுட். 1984-ல் வந்த அவருடைய பாட்டு ஒன்று இங்கே பாதி தேசிய கீதம் மாதிரி. எழுந்து நிற்பேன் என்று ஒரு இடம் வரும், அங்கே கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். நானும் எழுந்தேன். உட்கார்ந்திருந்தால் முன்னால் எதுவும் தெரியாது, அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அன்றைக்குப் பெரிய கைதட்டல் இவர்களில் யாருக்கும் இல்லை. ஹானிட்டி மேடைக்கு வந்தபோதுதான் கூரை பிய்ந்துகொண்டு போனது. தினமும் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டே கேட்கிற குரலுக்கு முகம் பார்க்க வந்த கூட்டம் அது. அவர் நிகழ்ச்சிக்குப் போன் பண்ணுகிறவர்கள் 'நீங்கள் ஒரு மகத்தான அமெரிக்கர்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள், அவரும் அதையே திருப்பிச் சொல்வார். அன்று முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்றுகொண்டே அதையே ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். பாட்டுக்காரர்கள் இல்லாவிட்டாலும் பாதிக் கூட்டம் வந்திருக்கும் என்றே தோன்றியது.

நிதி போன இடம் ஃப்ரீடம் அலையன்ஸ் என்ற அமைப்பு. போரில் இறந்த, நிரந்தரமாக ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை தருகிறது. 1990-ல் அதை ஆரம்பித்தவர் ஆலிவர் நார்த். ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தை நிகராகுவாக் கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரத்தில் 1987-ல் டிவி முன்னால் விசாரிக்கப்பட்டாரே, அதே லெப்டினன்ட் கர்னல். அவர்மேல் வந்த தீர்ப்பு பிறகு ரத்தாகிவிட்டது. அன்று மேடையில் அவரும் பேசினார்.

அப்புறம் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பையன், பதினேழு பதினெட்டு இருக்கும், தோள் இறங்கிய கோட்டு. யாருடையதையோ போட்டு வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கைதட்டல் நிற்காமல் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் கூடச் சேர்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டான். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

அடுத்த ஐந்தாவது நிமிடம் அதே மேடையில், அதே குரலில், ஜனநாயகக் கட்சிக்காரர்களைப் பற்றி ஜோக்கு. போரைக் கேள்வி கேட்பவர்களுக்கு ஒரு குத்து. முன் வரிசையில் ஒரு அம்மாள், சட்டையில் மகன் படம் போட்ட வட்ட பட்டன் குத்தியிருந்தார். எல்லோரும் சிரித்தபோதெல்லாம் அவர் நிகழ்ச்சிநிரல் தாளை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். மகன் ஃபோர்ட் டிக்ஸில் இருக்கிறானாம், அடுத்த மாதம் கிளம்புகிறானாம். 'என் வீட்டுக்காரர் இந்த ரேடியோக்காரரின் ஆள். நான் சார்லி டேனியல்ஸுக்காக வந்தேன்' என்றார்.

எனக்கு உறுத்தியது இதுதான், மாப்ளே. அந்தப் பையனுக்குக் கைதட்டினால் அவன் அப்பாவைப் பலி வாங்கிய போருக்கும், அதை நடத்திய கட்சிக்கும் சேர்த்தே கைதட்டியதாகிவிடுகிறது. இரண்டையும் பிரித்துக்கொள்ள ஒரு வழியும் அவர்கள் வைக்கவில்லை. 2003 மார்ச்சில் டிக்ஸி சிக்ஸ் என்ற இசைக்குழுவின் பாடகி லண்டன் மேடையில் அப்போதைய அதிபர் புஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு இங்கே ரேடியோ நிலையம் நிலையமாக அவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் கைதட்டாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

ரேடியோக்காரர்கள் நாட்டுக்காகப் பணம் திரட்டுவது புதிதும் இல்லை, தப்பும் இல்லை. 1943 செப்டம்பர் 21 அன்று கேட் ஸ்மித் என்ற பாடகி சிபிஎஸ் ரேடியோவில் காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் அதிகாலை இரண்டு மணிவரை விட்டுவிட்டுப் பேசி, சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலருக்குப் போர்ப் பத்திரம் விற்றார். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் அதைக் கேட்டவர்கள் பலரைத் தேடிப் பேட்டி எடுத்தார். அவள் மனதாரப் பேசுகிறாள் என்று நம்பியதுதான் வாங்கியவர்களைப் பிடித்து இழுத்த விஷயம். ஆனால் அந்தப் பதினெட்டு மணி நேரமும் ஒரு கட்சிக்கான வேலையாக இல்லை. அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவனும் பத்திரம் வாங்கலாம்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். 2010-ல் ஃப்ரீடம் கான்சர்ட்டின் கணக்கு சந்திக்கு வந்தது. முதலில் கிளப்பியவர் எதிர்க்கட்சி ஆள்கூட இல்லை, அவர்கள் தரப்பிலேயே எழுதுகிற ஒரு பெண்மணி. பிறகு ஒரு கண்காணிப்பு அமைப்பு, வசூல் முழுவதும் பிள்ளைகளுக்கே போகிறது என்று மக்கள் எண்ணும்படி விளம்பரம் செய்கிறார்கள் என்று வர்த்தக ஆணையத்திடமும் வரித்துறையிடமும் புகார் கொடுத்தது. ஃப்ரீடம் அலையன்ஸ் திட்டவட்டமாக மறுத்தது, ஹானிட்டி தங்களிடமிருந்து ஒரு காசும் வாங்கவில்லை என்றது. நான் பார்த்த பையனுக்குப் படிப்புச் செலவு கிடைத்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒலி, ஒளி, பந்தல், பாடகர் சம்பளம் எல்லாம் டிக்கெட் காசிலிருந்து போகிறபோது, எவ்வளவு போகிறது என்று வாசலிலேயே எழுதி வைத்துவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது.

அதனால் உங்கள் கமிட்டிக்கு என் யோசனை. அந்த யூடியூப்காரர் வேண்டாம். கூட்டம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போட்ட சுபேதார் வீட்டுக்காரம்மா அந்தப் பந்தலில் எங்கே உட்காருவார்? டிசம்பர் 7 கொடிநாளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துக் கொடி வாங்கி சட்டையில் குத்திக்கொண்டோமே, யாரிடமாவது எந்தக் கட்சி என்று கேட்டார்களா? செலவுக்குத் தனியாக நாலு பேரிடம் நன்கொடை பிடியுங்கள், டிக்கெட் காசை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை மேடை ஏற்றுவதைப் பற்றி மட்டும் வீட்டில் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேள். வாத்தியார் அவள், பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பற்றி நம் இருவரையும்விட அவளுக்குத் தெரியும். செலவுக்கு என் பங்கை அனுப்புகிறேன், எந்தக் கணக்கில் போடுவது என்று எழுது.

அம்மாவுக்கு முட்டிக்கு இங்கிருந்து ஏதாவது வாங்கி அனுப்ப வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல். பொங்கலுக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விலையைப் பார்த்தால்தான் மயக்கம் வருகிறது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் கூட்டாளி