சேலம் மாவட்டத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்கத் தினமும் தடுப்பு மாத்திரை சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகளின் சீட்டுகள் என் கடைக்கு வருகின்றன. மாத்திரையைக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. சாப்பிட்ட பிள்ளை பகல் முழுக்க இருப்பது உங்களிடம்தான்.

டோபிரமேட் என்று ஒரு மாத்திரை. சில பிள்ளைகளுக்கு அது வியர்வையைக் குறைத்துவிடும். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு தணியாது. சிறுநீரகக் கல் வரவும் வாய்ப்புண்டு என்பதால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில், மைதானத்தில் நடக்கும் விளையாட்டு வகுப்பை நினைத்துப் பாருங்கள். (கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத பெண்பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) அதே மாத்திரையால் விரல் நுனி மரத்துப்போகலாம், சொல்ல வந்த வார்த்தை சட்டென்று வராமல் திணறலாம். கேள்வி கேட்டதும் விழிக்கிற பிள்ளையைப் படிக்காமல் வந்ததாக முடிவுகட்டிவிடாதீர்கள். அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் என்ற வேறு தடுப்பு மாத்திரைகள் சாப்பிடும் பிள்ளை முதல் பீரியடில் தூங்கி வழிவதும் திமிரால் அல்ல.

சரி, இவ்வளவு தொல்லைக்கு மாத்திரை கேட்கிறதா? 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் அச்சில் வந்தது. தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள், அமிட்ரிப்டிலின் சாப்பிட்டவர்களில் 52 சதவீதம், டோபிரமேட்டில் 55. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 61! அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அது டாக்டரிடம் பேசவேண்டிய விஷயம். ஆனால் சாப்பாடும் தூக்கமும் தண்ணீரும் சரியில்லாமல் மாத்திரையை மட்டும் நம்புவது வீண் என்றே எனக்குப் படுகிறது.

அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். சிறப்பு வகுப்புக்காக ஓமலூர் பக்கமிருந்து விடியற்காலையில் பஸ் பிடிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது. அரசின் காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வகுப்பு தொடங்குமுன் டப்பாவைத் திறந்து சாப்பிடப் பத்து நிமிடம் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் மேசைமேலேயே இருக்கட்டும்.

அப்புறம், தினமும் சாப்பிடாமல் வலி வந்தால் மட்டும் போடும் வலி மாத்திரை. வலி தொடங்கியதுமே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். "வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கோ" என்றாலோ, ஏற்காட்டு விடுதியில் வார்டன் சாவியோடு வரும்வரை காத்திருந்தாலோ நேரம் தப்பிவிடும். அதே சமயம் மாதத்தில் 15 நாள், அதற்கும் மேல் என்று போட்டுக்கொண்டே போனால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். ஆகவே கொடுத்த தேதியை ஒரு நோட்டில் எழுதி, மாதாமாதம் பெற்றோரிடம் காட்டுங்கள்.

டாக்டர் சீட்டின் நகலைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி, வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் விவரம் சொல்லிவையுங்கள். மற்ற பிள்ளைகள் எதிரில் வேண்டாம்.

இப்படிக்கு,
சேலத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர்