நாற்பத்தைந்து பேருக்கு ஒரு பந்து

மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கு, இம்மாவட்ட அரசுப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் சேர்ந்து எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறுவட்டப் போட்டியில் மாணவியர் கைப்பந்து ஆட்டத்தைத் தாங்களே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். ஒரே செட்டில் ஆறு புள்ளிகள் சுழற்சிப் பிழையால், அதாவது வரிசைப்படி இடம் மாறி நிற்கத் தவறியதால், எதிரணிக்குப் போயின. மறுவாரம் எங்களுக்கு மெமோ வந்தது. "அடிப்படைத் திறன்களும் விதிமுறைகளும் முறையாகக் கற்பிக்கப்படாதது ஏன்?" என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தீர்கள். தனித்தனியே எழுதிக் கொடுத்தோம். "விளக்கம் ஏற்புடையதாக இல்லை" என்று எல்லாம் ஒன்றுபோலத் திரும்பி வந்தன. அதனால் இம்முறை சேர்ந்தே எழுதுகிறோம்.

விளக்கம் ஒரு வரிதான். 45 பிள்ளைகளுக்கு ஒரு பந்து இருக்கிறது. பத்துப் பந்து கொடுங்கள்.

இதைச் சாக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பாடவேளை 40 நிமிடம். வகுப்பிலிருந்து இறங்கி, வரிசை பிடித்து, வார்ம்-அப் முடிக்கப் பத்து நிமிடம். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அடுத்த மணிக்குள் வகுப்பில் உட்கார ஐந்து நிமிடம். மிச்சம் 25 நிமிடம், அதாவது 1500 விநாடி. ஒருவர் பந்தைப் போட, ஒரு பிள்ளை அதை எடுத்துக் கொடுக்க, அது எங்கேயோ ஓட, இன்னொருவர் துரத்திப் பிடித்து வர, அடுத்த பிள்ளை வந்து நிற்க, குறைந்தது பத்து விநாடி ஆகும். ஆக 150 தடவை. அதை 45 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மூன்று. அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்று இருக்கும். அதில் ஒன்று "போர்ஷன் முடியல சார்" என்று கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எனவே வாரத்துக்கு மூன்று தொடுதல். பத்துப் பந்து இருந்தால் அதே பிள்ளைக்கு அதே 25 நிமிடத்தில் முப்பதுக்கு மேல் கிடைக்கும்.

அந்த மூன்றும்கூடச் சமமாகப் போவதில்லை. மாலையில் ஊர்த் திடலில் அண்ணன்மாரோடு ஆடிப் பழகிய பையன் முந்திக்கொண்டு ஐந்து முறை தொடுவான். பந்தைப் பார்த்தாலே கண்ணை மூடும் பிள்ளை, தன் முறை வரும்போது மெல்ல நழுவி வரிசையின் கடைசிக்குப் போய்விடும். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே பந்து எட்டுவதில்லை. மற்ற நேரமெல்லாம் வரிசையில் வெயில் காய்வதுதான். இதற்குப் பெயர் உடற்கல்வி.

தாழ வரும் பந்தை இரு முன்கைகளாலும் எடுத்துக் கொடுக்கும் அண்டர் ஆர்ம் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பந்தில் முதலில் கற்றுத்தருவது அதைத்தான். முதல் தப்பு கைகளை இணைப்பதிலேயே வரும். விரல்களைக் கோத்துப் பிடித்தால் பந்து பட்டுப் பெருவிரல் சுளுக்கும். ஒரு கை விரல்களை மறு கை விரல்கள்மேல் படிய வைத்து, இரு பெருவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, முழங்கை மடங்காமல் கைகளை நீட்ட வேண்டும். பந்து படவேண்டிய இடம் மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை. விசை முழங்காலிலிருந்து வரவேண்டும். கையை வீசினால் பந்து தலைக்குப் பின்னால் போய் விழும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். உடம்பில் ஏற மூன்று படி வேண்டும். எதிரே நிற்பவர் பந்தை ஏந்திப் பிடித்திருக்க, அதைக் கையால் தொட்டு மட்டும் பார்ப்பது முதல் படி. மூன்று மீட்டர் தள்ளி நின்று அவர் மெதுவாகப் போட, திருப்பி அனுப்புவது இரண்டாவது. பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்துபோய் எடுப்பது மூன்றாவது. ஒவ்வொரு படிக்கும் இருபது தடவையாவது செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று என்றால் முதல் படியைத் தாண்டவே ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும்.

இருக்கும் அந்த ஒரு பந்தும் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். விதிப்படி கைப்பந்தின் எடை 260 முதல் 280 கிராம், உள்காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. எங்கள் பெட்டியில் வந்தது தடித்த ரப்பர் பந்து. பம்பில் அழுத்தம் காட்டும் மீட்டர் கிடையாது; பெருவிரலால் அழுத்தி, லேசாக உள்ளே போனால் சரி என்று விடுவோம். காலையில் சரியாக அடித்த காற்று பன்னிரண்டு மணி வெயிலில் விரிந்து பந்தைக் கல்லாக்கிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் முன்கையில் அது மூன்று தடவை பட்டால் தோல் சிவந்து தடிக்கும். நான்காவது தடவை பந்து வரும்போது கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், முகம் பக்கவாட்டில் திரும்பும். அந்த முகத்திருப்பலைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். சிறு வகுப்புகளுக்கு எடை குறைந்த மென்பந்து கேட்பது சொகுசுக்காக அல்ல.

அந்தப் பந்தும் ஒருநாள் போகும். ஊசியை நனைக்காமல் யாராவது குத்தினால் வால்வு ரப்பர் கிழியும். அதற்குமேல் காற்று நிற்காது. பத்துப் பந்து உள்ள பள்ளியில் அது ஒரு பந்தின் சாவு. எங்கள் பள்ளிகளில் அந்தப் பருவத்தின் கைப்பந்துப் பாடமே அன்றோடு முடிந்தது.

இனி, தாங்கள் கேட்ட சுழற்சிப் பிழைக்கு வருவோம். 'விதியைச் சொல்லித்தரப் பந்து எதற்கு?' என்று தங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். சுண்ணாம்பால் ஆறு இடங்களைக் குறித்து எண் போட்டு, பிள்ளைகளை நிறுத்தி, விசில் ஊதி, கடிகாரம் சுற்றும் திசையில் நகர வைத்திருக்கிறோம். பின்வரிசை வலது மூலை ஒன்று. அவர்தான் சர்வீஸ் போடுபவர். முன்வரிசை வலப்பக்கம் இரண்டு. எதிரணியின் சர்வீஸில் நாம் புள்ளி எடுத்து, சர்வீஸ் நம் கைக்கு மாறும்போது மட்டும் எல்லோரும் ஓரிடம் நகர வேண்டும். இரண்டில் இருந்தவர் ஒன்றுக்கு வந்து சர்வீஸ் போடுவார். நம் சர்வீஸிலேயே நாம் புள்ளி எடுத்தால் நகரக் கூடாது. இதைக் கரும்பலகையிலும் போட்டோம், வாயால் கேட்டுப் பதிலும் வாங்கினோம். எல்லோரும் சரியாகவே சொன்னார்கள்.

ஆட்டத்தில் ஏன் மறந்தார்கள்? சுழற்சி மனதில் பதிவது சர்வீஸ் கைமாறும் கணத்தில்தான். வலையில் விழுந்த சர்வீஸும் கைமாறும்தான்; ஆனால் ஆட்டத்தின் நடுவே கைமாறிப் பழக வேண்டுமானால் பந்து வலையைத் தாண்ட வேண்டும், அந்தப் பக்கம் யாராவது அதை எடுக்க வேண்டும், மூன்று தொடுதலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் பிள்ளைகளின் பயிற்சி ஆட்டத்தில் பாதி சர்வீஸ் வலையில் விழும், மீதிப் பாதி எதிர்ப்பக்கம் யார் கையிலும் படாமல் தரையில் விழும். ஆடி எடுத்த புள்ளிக்குப் பின் வரும் சுழற்சி ஒரு பாடவேளையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வந்தாலே அதிகம். போட்டியிலோ புள்ளி எடுத்த மகிழ்ச்சியில் ஓடிப்போய்க் கைதட்டிக் கட்டிக்கொண்டு, திரும்பி வந்து நிற்கும்போது 'நான் எங்கே நின்றேன்?' என்று தேடுவார்கள். ஒருத்தி நகர்வாள், ஒருத்தி நகர மாட்டாள். நடுவர் விசில் ஊதுவார். புள்ளியும் போகும், சர்வீஸும் போகும். அன்று ஆறு முறை நடந்தது இதுதான். விதி தெரியாமல் நடந்ததல்ல. ஆடிப் பழகாமல் நடந்தது. ஆடிப் பழகப் பந்து வேண்டும், ஐயா.

வலையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது பெரியவர்களின் உயரம். எங்கள் கம்பங்களில் கொக்கி ஒரே இடத்தில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கிறது, 2.43இல். பதினோரு வயதுக் குழந்தைக்கு அது வலையல்ல, மதில். இரண்டு மீட்டரில் கட்டி, வலையிலிருந்து ஒன்பது மீட்டருக்குப் பதில் ஐந்து மீட்டரில் நிறுத்தி, கீழ்க்கை சர்வீஸ் போடச் சொன்னால் பத்தில் ஏழு தாண்டும். பந்தைக் கையில் வைத்தபடியே குத்தும் பழக்கமும் அப்போதுதான் போகும். விதிப்படி அடிப்பதற்குமுன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். எட்டாத தூரத்துக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை பலம் போதாமல் பந்தைக் கையோடு சேர்த்தே குத்துகிறது. கொக்கியைக் கீழே இறக்கக் கேட்டதற்கு, அது கட்டடப் பிரிவின் வேலை என்று பதில் வந்தது.

கூடைப்பந்தின் கதையும் இதேதான், எனவே சுருக்கமாக. எங்கள் மைதானங்களில் பெரும்பாலானவை சரளை மண். அதில் தட்டிய பந்து நேராக மேலே வராது; கல்லில் பட்டு ஒதுங்கும். அதனால் பிள்ளையின் கண் பந்தைவிட்டு நகராது. தலை நிமிர்ந்து, உள்ளங்கை படாமல் விரல்நுனிகளால் இடுப்புக்குக் கீழே தட்டுவதுதான் டிரிபிளின், அதாவது பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வதன், அரிச்சுவடி. இருபதுக்கு இருபது அடி சிமென்ட் தளம் இருந்தாலே அதைக் கற்றுத்தரலாம். பந்தும் 7ஆம் எண், சுமார் 600 கிராம், பெரிய ஆண்களுக்கானது. சிறுவர் ஆட்டத்துக்கு 5ஆம் எண் பந்தும் 2.60 மீட்டர் வளையமும் உலகமெங்கும் நடைமுறையில் உள்ளவை. எங்களிடம் 3.05 மீட்டரில் ஒரே வளையம், அதில் வலை இல்லை. பந்து உள்ளே போனதா ஓரமாகப் போனதா என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சண்டை. கனத்த பந்தை அந்த உயரத்துக்கு அனுப்ப பிள்ளை இரு கைகளாலும் இடுப்பிலிருந்து வீசி எறிகிறது. அதே வீச்சு பத்தாம் வகுப்பிலும் தொடர்கிறது. பிறகு 'ஷூட்டிங் சரியில்லை' என்று பார்வையாளர் குறிப்பில் எழுதப்படுகிறது.

பந்தைத் தட்டாமல் கையில் பிடித்தபடி வரம்பு மீறிக் காலெடுத்து வைப்பதைத் தடுக்கும் டிராவலிங் விதியும் அப்படியே. இரு காலும் ஒன்றாகத் தரையில் ஊன்றி நின்றால் எந்தக் காலையும் ஊன்றுகாலாக, அதாவது இடம் மாறாமல் ஊன்றித் திரும்பும் காலாக, வைத்துக்கொள்ளலாம். ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றினால் முதலில் ஊன்றியதே ஊன்றுகால். டிரிபிள் தொடங்கும்போது, ஊன்றுகால் எழுவதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும். பத்துப் பேர் பத்துப் பந்தோடு ஓடி, விசிலுக்கு நின்று, கால் பார்த்துத் திருத்தினால் இரண்டே பாடவேளை. ஒரு பந்தோடு, வருடம் முழுக்க.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கியபோது அவர் வகுப்பில் 18 பேர். அவரிடமும் ஒரே பந்துதான். நாங்கள் அவரைவிட இரண்டரை மடங்கு பெரிய ஆசிரியர்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. 1920இலேயே ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். நூறு வருடம் தாண்டிவிட்டது. விளையாட்டு விழா மேடைகளில் 2021இல் பத்மஸ்ரீ பெற்ற கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையின் பெயரைச் சொல்லாமல் எந்தச் சிறப்புரையும் முடிவதில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் பொருளறையை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வாரந்தோறும் வாட்ஸ்அப் குழுவில் புகைப்படம் கேட்கிறீர்கள், அனுப்புகிறோம். பிள்ளைகள் அரைவட்டமாக நிற்பார்கள், நடுவில் ஒருவன் பந்தைத் தூக்கிப் பிடித்திருப்பான். அத்தனை பள்ளி, அத்தனை வாரம், எல்லாப் படத்திலும் ஒரே ஒரு பந்துதான் இருக்கிறது. பதிலுக்குத் தங்களிடமிருந்து லைக் கட்டைவிரல் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டோம். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

ஒவ்வொரு பள்ளிக்கும் கைப்பந்து பத்து, அதில் ஐந்து எடை குறைந்த மென்பந்து. கூடைப்பந்து பத்து: ஆறு முதல் எட்டு வகுப்பினருக்கு 5ஆம் எண், பெரிய மாணவியருக்கு 6, பெரிய மாணவருக்கு 7. வலைக் கம்பத்தில் இரண்டு மீட்டரிலும் 2.24இலும் கூடுதல் கொக்கி. சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கு ஆண்டுக்கு நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை என்று வரையறுத்திருக்கிறார்கள். கேரம் பலகையும் உடைந்த ஷட்டில் மட்டையும் நிரப்பிய பெட்டியாக அதை அனுப்பாமல், பள்ளி மேலாண்மைக் குழுவின் மூலம் எங்களையே வாங்கவிட்டால், பெரிய பள்ளிகளில் மேலே சொன்னது பெரும்பாலும் அதற்குள் அடங்கும். இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளையும் அடுத்தடுத்து வைத்து, வேறு பாடத்துக்குத் தரக் கூடாது என்று தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மெமோ மூன்று நாளில் வருகிறது. சுற்றறிக்கைக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும்.

அடுத்த குறுவட்டப் போட்டிக்குத் தாங்கள் அவசியம் வரவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதற்குமுன் பந்துகள் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள்

பி.கு.: பந்துகளோடு ஊசியும் சேர்த்து அனுப்பவும். பள்ளிக்கு ஒரு டஜன். சென்ற முறை பம்பு வந்தது, ஊசி வரவில்லை.